ஏற்காட்டு மூடுபனியில் நேரலை: குறைந்த பிட்ரேட்டில் படத்தைக் காப்பது எப்படி?

அம்மாபேட்டை ஒளிப்பதிவாளர்

அனைவருக்கும் வணக்கம். சேலத்திலும் ஏற்காட்டிலும் திருமணம், காதணி விழா, கோவில் திருவிழா ஆகியவற்றைப் பதிவு செய்து கொடுப்பதோடு, கேட்பவர்களுக்கு நேரலையாகவும் அனுப்பி வருகிறேன். அண்மையில் ஏற்காட்டில் ஒரு விடுதியின் புல்வெளியில் நடந்த வரவேற்பை நேரலையில் அனுப்பியபோது, மாலையில் மூடுபனி இறங்கி மேடைக்குப் பின்னால் இருந்த சில்வர் ஓக் மரங்களை மறைக்கத் தொடங்கியதும் படம் கெட்டுவிட்டது. பனி இருந்த இடமெல்லாம் பட்டை பட்டையாகச் சாம்பல் நிறமும் அதன்மேல் சதுரங்களும் தெரிந்தன. இரண்டு வினாடிக்கு ஒருமுறை அவை மொத்தமாகக் குலுங்கின. கேமராவின் மெமரி கார்டில் பதிவான கோப்பில் இந்தக் குறை எதுவும் இல்லை. அதில் பனி பனியாகவே இருக்கிறது.

மற்றொரு சிக்கல் பென்டிரைவ். மூன்று மணி நேரப் படத்தை ஒரே கோப்பாகக் கேட்கிறார்கள். பெரும்பாலான பென்டிரைவ்கள் ஃபேட்32 முறையில் இருப்பதால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறுவதில்லை.

ஏவி1 என்னும் புதிய கோடெக்குக்கு (வீடியோவைச் சுருக்கும் முறைக்கு) மாறினால் பாதி பிட்ரேட்டில், அதாவது வினாடிக்குப் பாதித் தரவில், இதே தரம் கிடைக்கும் என்று நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். கோடெக்கை மாற்றுவதுதான் வழியா, அல்லது இருப்பதை வைத்தே சீர்செய்ய முடியுமா என்பதை அறிய விரும்புகிறேன்.

சிக்னல் வாத்தியார்

முதலில் அமைப்புகளைச் சொல்லுங்கள் நண்பரே. படத்தின் அளவு, வினாடிக்கு எத்தனை ஃபிரேம், பிட்ரேட், எந்த என்கோடர் (படத்தைச் சுருக்கும் நிரல்), எந்த பிரீசெட் (அதன் வேகத்துக்கான முன்னமைப்பு) என்பவை தெரியாமல் கோடெக்கின் மேல் பழி போடுவது முறையாகாது.

அம்மாபேட்டை ஒளிப்பதிவாளர்

ஐயா, 1920×1080, வினாடிக்கு 50 ஃபிரேம். சிம் போட்ட ரவுட்டர் வழியாக அனுப்புவதால் மலையில் 4 மெகாபிட்டுக்கு மேல் நிலையாகக் கிடைப்பதில்லை. எனவே 3,500 கிலோபிட் என்று நிலையான பிட்ரேட் வைத்திருந்தேன். ஓபிஎஸ் என்னும் நேரலை மென்பொருள், எச்.264 கோடெக்குக்கான எக்ஸ்264 என்கோடர். மடிக்கணினி பழையது என்பதால் அல்ட்ராஃபாஸ்ட் பிரீசெட். கீஃபிரேம் (முந்தையவற்றைச் சாராமல் முழுதாக எழுதப்படும் ஃபிரேம்) இடைவெளி 2 வினாடி.

சிக்னல் வாத்தியார்

இப்போது கணக்குப் போடலாம். நீங்கள் சொன்ன அளவில், வண்ணத் தகவலைக் கால் பங்காகக் குறைத்த 8 பிட் படம் சுருக்கப்படாமல் வினாடிக்கு ஏறத்தாழ 1,244 மெகாபிட் ஆகும். அதை 3.5 மெகாபிட்டுக்குள் அடைக்கச் சொல்கிறீர்கள். அதாவது 355 மடங்குச் சுருக்கம். இதையே பிளாக் அளவில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். எச்.264 ஒரு ஃபிரேமை 16×16 பிக்சல் மேக்ரோபிளாக்குகளாகப் பிரிக்கிறது. 1080 வரிப் படத்தில் அவை 8,160. ஒரு ஃபிரேமுக்கு 70,000 பிட் என்றால் ஒரு மேக்ரோபிளாக்குக்குச் சராசரியாக 9 பிட்கூடக் கிடைப்பதில்லை. மூலத்தில் அதே மேக்ரோபிளாக் 3,072 பிட். பெரும்பாலான பிளாக்குகள் முந்தைய ஃபிரேமிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டால் மட்டுமே இந்தக் கணக்கு நிற்கும். மேடையில் மணமக்கள் அசையாமல் நிற்கும்வரை நிற்கும். பனி நகரத் தொடங்கினால் நிற்காது.

பனியில் பட்டை விழுவதற்குக் காரணம் குவாண்டைசேஷன். ஒவ்வொரு பிளாக்கிலும் முன்கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டைக் கொசைன் உருமாற்றத்தின் வழியே அதிர்வெண்களாக மாற்றி, ஒவ்வொரு கெழுவையும் ஒரு படியளவால் வகுத்து முழு எண்ணாக்குகிறார்கள். (இந்த உருமாற்றத்தை 1974இல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர்; அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை அகமதுவின் முன்மொழிவுக்கு நிதி தர மறுத்த கருத்து அது. இன்று புழக்கத்திலுள்ள பெரும்பாலான வீடியோ கோடெக்குகளில் இருப்பது அதன் வழித்தோன்றலே.) எச்.264இல் கியூபி என்ற எண் 6 கூடும்போதெல்லாம் படியளவு இரட்டிப்பாகிறது: கியூபி 4இல் படி 1, 28இல் 16, 40இல் 64. பிட் போதாதபோது என்கோடர் கியூபியை ஏற்றுகிறது. பனியில் இருப்பதோ மிகச் சிறிய கெழுக்கள் மட்டுமே; மேலிருந்து கீழாக மெல்ல மாறும் ஒரு சாம்பல். படியளவு 64 என்றால் அந்தக் கெழுக்களெல்லாம் சுழியமாகிவிடுகின்றன. மெல்லிய மாற்றம் தட்டையான படிக்கட்டாக மிஞ்சுகிறது.

குறியாக்கப் பித்தன்

வாத்தியார் ஐயா சொன்னதற்கு மேல், இந்த இழையின் உண்மையான குற்றவாளி கோடெக்கும் அன்று, பிட்ரேட்டும் முழுமையாக அன்று. அல்ட்ராஃபாஸ்ட் என்ற ஒற்றைச் சொல்தான். அந்தப் பிரீசெட் வேகத்துக்காக எச்.264இன் கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெயரில் வேகம் மட்டும் தெரிகிறது, இழப்பு தெரிவதில்லை.

டீபிளாக்கிங் வடிகட்டி நிறுத்தப்படுகிறது. பிளாக் எல்லைகளை மென்மையாக்கும் இந்த வடிகட்டி எச்.264இல் சுருக்கச் சுழற்சிக்கு உள்ளேயே இருக்கிறது; அதாவது வடிகட்டப்பட்ட ஃபிரேமே அடுத்த ஃபிரேமுக்கு முன்மாதிரியாகிறது. அதை நிறுத்தினால் ஒரு ஃபிரேமில் தோன்றிய சதுரம் அடுத்தடுத்த ஃபிரேம்களுக்குக் கடத்தப்படுகிறது. நீங்கள் பார்த்த சதுரங்கள் அவைதாம்.

தகவமைக் குவாண்டைசேஷன் நிறுத்தப்படுகிறது. என் பார்வையில் பனிக்கு மிகப் பெரிய இழப்பு இதுவே. இது இயங்கினால், தட்டையான பகுதிகளுக்குக் கியூபியைக் குறைத்தும், இலை, பூ, பட்டுச்சேலைச் சரிகை போன்ற நுணுக்கம் மிகுந்த பகுதிகளுக்குக் கூட்டியும் என்கோடர் பிட்களைப் பங்கிடும். ஏனெனில் சரிகையில் நேரும் பிழையைக் கண் மன்னிக்கும், பனியில் நேரும் பிழையை மன்னிக்காது. இல்லாவிட்டால் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே படியளவு. சரிகையே எல்லா பிட்களையும் தின்றுவிடும்.

கேபாக் என்னும் எண்கணிதக் குறியாக்கம் நிறுத்தப்பட்டு எளிய முறை வைக்கப்படுகிறது. அதனால் மட்டும், படத்தில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, 9 முதல் 14 சதவீதம் பிட்கள் வீணாகின்றன. இருதிசை முன்கணிப்பு கொண்ட பி-ஃபிரேம்கள் இல்லை, 8×8 உருமாற்றம் இல்லை, ஒளி மாற்றத்தை ஈடுசெய்யும் எடையிட்ட முன்கணிப்பு இல்லை. பனி ஏறும்போதும் விலகும்போதும் படம் முழுவதும் சீராக வெளுக்கிறது அல்லது கறுக்கிறது. எடையிட்ட முன்கணிப்பு இருந்தால் "முந்தைய ஃபிரேமை இத்தனை பங்கு மங்கலாக்கிக்கொள்" என்று இரண்டு எண்களில் சொல்லிவிடலாம். இல்லாததால் ஒவ்வொரு பிளாக்கும் தனித்தனியே திருத்தம் எழுத வேண்டியிருக்கிறது.

ஆகவே 2003இல் வந்த எச்.264இன் பெயரில் நீங்கள் அனுப்பியது, அதன் முக்கால்வாசிக் கருவிகளைக் கழற்றி வைத்துவிட்ட ஒரு வடிவம். ஏவி1க்குப் போகும் முன் வெரிஃபாஸ்ட்டுக்குப் போங்கள்.

ஏற்காடு எஸ்டேட்

மலையில் குடியிருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். பழைய மடிக்கணினியில் 1080 வரியும் 50 ஃபிரேமும் வைத்துக்கொண்டு வெரிஃபாஸ்ட் ஓடாது. ஃபிரேம்கள் விடுபடத் தொடங்கும். முதலில் 720 வரிக்கும் 25 ஃபிரேமுக்கும் இறங்க வேண்டும். 720 வரிப் படத்தில் மேக்ரோபிளாக்குகள் 3,600 மட்டுமே. 25 ஃபிரேம் என்றால் அதே 3,500 கிலோபிட்டில் ஒரு மேக்ரோபிளாக்குக்கு 39 பிட் வரும். நேரலையைப் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, கோடை விழாக் காலத்தில் ஏரியைச் சுற்றியும் அண்ணா பூங்கா வட்டாரத்திலும் கூட்டம் சேர்ந்தால் கைப்பேசி அலைவரிசை இழுபறியாகிவிடும். 4 மெகாபிட் கிடைக்கிறது என்று அளந்து வைத்துக்கொண்டு 3.5 அனுப்புவது துணிச்சல். கிடைப்பதில் பாதியை மட்டும் நம்புவது என் வழக்கம்.

பனி இறங்கினால் வெளிச்சமும் குறையும்; தானியங்கியில் விட்டால் கேமரா கெயினை (சிக்னலின் பெருக்கத்தை) ஏற்றிக்கொள்ளும், படத்தில் நாய்ஸ் என்னும் புள்ளி இரைச்சல் கூடும். நாய்ஸ் என்பது ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாய்ப் பிறப்பது; எந்த முன்கணிப்புக்கும் அகப்படாது. எனவே என்கோடருக்கு அனுப்பும் முன் நாய்ஸ் நீக்கும் வடிகட்டியைப் போட்டால் பாதிச் சிக்கல் தீரும் என்பது என் கருத்து.

குறியாக்கப் பித்தன்

அளவைக் குறைப்பதில் உடன்படுகிறேன். ஃபிரேம் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் பிட்களும் பாதியாகும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும் சேர்க்கிறேன். 50 ஃபிரேமில் அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஒன்றையொன்று நெருங்கி ஒத்திருப்பதால் கூடுதல் ஃபிரேம்களின் விலை குறைவு. இங்கே உண்மையான ஆதாயம் மடிக்கணினிக்குக் கிடைக்கும் நேரம். அந்த நேரத்தைக் கொண்டு நல்ல பிரீசெட்டை வாங்கலாம்.

நாய்ஸ் நீக்குவதை மட்டும் பனிக்காட்சியில் செய்யவே கூடாது என்பேன். 8 பிட் படத்தில் ஒளிர்வுக்கு 16 முதல் 235 வரை 220 நிலைகள்தாம் உண்டு. பனி நிறைந்த வானம் அவற்றில் 40 நிலைகளுக்குள் அடங்கிவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், 1,080 வரிகளில் அந்த 40 நிலைகள் பரவும்போது ஒவ்வொன்றும் 27 வரி அகலமுள்ள பட்டையாகும். மூலக் கோப்பில் அது தெரியாமல் இருப்பதற்குக் காரணமே நாய்ஸ்தான். பட்டையின் எல்லையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மேல்நிலையும் கீழ்நிலையும் கலந்து எல்லையை மறைக்கிறது. அதை வழித்தெடுத்தால் என்கோடர் கை வைக்கும் முன்பே பட்டை விழுந்துவிடும்.

ஏற்காடு எஸ்டேட்

அப்படியானால் நாய்ஸை அப்படியே விட்டுவிட்டு, என்கோடர் அதை அழித்துப் பட்டை போடட்டும் என்கிறீர்களா? 3 மெகாபிட்டில் நாய்ஸ் எப்படியும் தப்பப் போவதில்லை. நாம் நீக்கினாலும் போகும், நீக்காவிட்டாலும் போகும். நீக்கினால் பிட்களாவது மிஞ்சும்.

சிக்னல் வாத்தியார்

இருவரும் வெவ்வேறு காட்சிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். வினாடிக்கு 3 மெகாபிட் நேரலையில் எஸ்டேட் நண்பர் சொல்வது பொருந்தும். ஏராளமான பிட்ரேட்டில் செய்யும் பதிவில் பித்தன் சொல்வது பொருந்தும். ஆனால் இரண்டுக்கும் முன்னால் ஒரு படி உண்டு: நாய்ஸைக் கேமராவிலேயே பிறக்கவிடாமல் செய்வது. கெயினைக் கைமுறையில் ஓர் எல்லையில் நிறுத்தி, லென்ஸ் துளையை அகலமாகத் திறந்து, 25 ஃபிரேமுக்கு 1/50 வினாடி ஷட்டர் வைத்து, மேடைக்கு ஒரு விளக்கைக் கூடுதலாகப் போட்டால், எந்த வடிகட்டியும் தர முடியாத ஆதாயம் கிடைக்கும். சுருக்கத்தின் திறனில் பாதி, என்கோடருக்குள் படம் நுழைவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. கோடெக்கைப் பற்றி இரவெல்லாம் வாதிடுபவர்கள் விளக்கைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை.

வடிகட்டி போட்டே ஆக வேண்டுமென்றால், அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கிடையே மட்டும் இயங்கும் மென்மையான ஒன்றைப் போடுங்கள். பதிவுக்கான வேலையாக இருந்தால் அதை 10 பிட்டில் செய்து 10 பிட்டிலேயே என்கோடு செய்யுங்கள். மூலம் 8 பிட்டாக இருந்தாலும் 10 பிட் என்கோடிங்கில் உள்கணக்கின் துல்லியம் கூடுவதால் பட்டை குறையும். எச்.264இன் 10 பிட் வடிவத்தைக் கைப்பேசிகளும் தொலைக்காட்சிகளும் பொதுவாக ஏற்பதில்லை. எச்.264க்கு அடுத்த தலைமுறைக் கோடெக்கான எச்இவிசியின் 10 பிட் வடிவமான மெயின்10ஐப் பெரும்பாலான புதிய கருவிகள் ஏற்கும்.

கொலுசுப்பட்டறை

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் வெள்ளிக் கொலுசுகளைச் சுழலும் தட்டில் வைத்து வெள்ளைப் பின்னணியில் படமெடுத்து வியாபாரிகளுக்கு அனுப்புகிறோம். பின்னணியில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் கோப்பு பெரிதாக இருக்கிறது, குறைத்தால் மணிகளின் விளிம்பு கரைகிறது. ஏன் என்று விளங்கவில்லை.

சிக்னல் வாத்தியார்

உங்கள் கொலுசு ஒரு நல்ல பாடம். எச்.264உம் எச்இவிசியும் அசைவை இடப்பெயர்ச்சியாக மட்டுமே புரிந்துகொள்கின்றன: இந்தப் பிளாக் முந்தைய ஃபிரேமில் இத்தனை பிக்சல் இடப்புறம், இத்தனை பிக்சல் மேலே இருந்தது என்று கால் பிக்சல் துல்லியத்தில் சொல்லும். சுழலும் பொருளில் ஒரே பிளாக்குக்குள் ஒரு மூலை ஒரு பக்கமும் மறு மூலை வேறு பக்கமும் நகர்வதால், ஒற்றை நகர்வெண் எதற்கும் பொருந்தாது. என்கோடர் பிளாக்கைச் சிறிது சிறிதாக உடைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நகர்வெண் எழுதுகிறது. 2018இல் வெளியான ஏவி1இல் வளைத்த அசைவு முன்கணிப்பும், 2020இல் முடிவான, எச்இவிசிக்கு அடுத்த கோடெக்கான விவிசியில் நான்கு அல்லது ஆறு அளவுருக்களைக் கொண்ட அஃபைன் அசைவும் இதற்காகவே சேர்க்கப்பட்டன. அவற்றால் சுழற்சியையும் அளவு மாற்றத்தையும் ஒரு பெரிய பிளாக்குக்கு மொத்தமாகச் சொல்ல முடியும்.

ஆனால் வெள்ளியின் மினுமினுப்பு வேறு கதை. கொலுசு சுழல்கிறது, விளக்கு சுழல்வதில்லை. ஆகவே ஒளிப்புள்ளி மணியோடு சேர்ந்து நகர்வதில்லை. அதை எந்த அசைவு மாதிரியும் பிடிக்காது. விளக்கின் முன் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி ஒளியைப் பரப்புங்கள். தட்டின் வேகத்தையும் குறையுங்கள்.

கொலுசுப்பட்டறை

துணி கட்டினால் வெள்ளியின் பளபளப்பு போய்விடும் ஐயா. பளபளப்பைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். வேகத்தைக் குறைத்துப் பார்க்கிறேன்.

அம்மாபேட்டை ஒளிப்பதிவாளர்

சேலத்தின் குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவின் வண்டி வேடிக்கையையும் எடுக்கிறேன். இரவு, இருட்டு, வண்டி முழுக்கச் சீரியல் விளக்குகள். அதற்கும் இதே அறிவுரைதானா? திருமணத்தில் புகைப்படக்காரர்களின் ஃபிளாஷ் விழும்போதும் படம் ஒரு கணம் உடைகிறது.

குறியாக்கப் பித்தன்

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் மருந்து வேறு. ஃபிளாஷ் ஓரிரு ஃபிரேமில் முடிந்துவிடும். ஒரே ஒரு முந்தைய ஃபிரேமை மட்டும் பார்க்கும் என்கோடருக்கு, ஃபிளாஷுக்கு அடுத்த ஃபிரேம் முற்றிலும் புதிய படமாகத் தெரியும். பல ஃபிரேம்களை நினைவில் வைத்திருந்தால் ஃபிளாஷுக்கு முந்தைய ஃபிரேமிலிருந்து எடுத்துக்கொள்ளும். எக்ஸ்264இல் முன்னோக்குப் பகுப்பாய்வும் (வரவிருக்கும் ஃபிரேம்களை முன்கூட்டியே பார்ப்பது) பி-ஃபிரேம்களும் இயங்கினால், குறுகிய ஃபிளாஷைக் காட்சி மாற்றமாகக் கருதி வீணாக ஒரு கீஃபிரேமைப் போடாமல் இருக்கவும் ஏற்பாடு உண்டு. அல்ட்ராஃபாஸ்ட்டில் இப்படி நினைவில் வைக்கும் பார்வை ஃபிரேம் ஒன்றுதான். வெரிஃபாஸ்ட்டிலும் ஒன்றுதான், எனவே அதைக் கைமுறையில் 3 ஆக்கிக்கொள்ளுங்கள்.

சீரியல் விளக்குக்கு இது உதவாது. எச்.264இன் 4.2 நிலையில் (டிகோடரின் திறனுக்கு வகுத்த வரம்புகளுள் ஒன்று) 1080 வரிப் படத்துக்கு நான்கு பார்வை ஃபிரேம்கள்தாம் அனுமதி. 50 ஃபிரேமில் அது 0.08 வினாடி. அரை வினாடிக்கு ஒருமுறை மாறும் விளக்கின் முந்தைய ஒளிநிலை அந்த நினைவுக்கு எட்டாது. 720 வரியும் 25 ஃபிரேமும் வைத்தால், அதே நிலையில் ஒன்பது ஃபிரேம்கள் வரை அனுமதி, 0.36 வினாடி. இன்னும் எட்டவில்லை. இருட்டான பின்னணிக்குத் தகவமைக் குவாண்டைசேஷனின் மூன்றாம் முறையைப் பயன்படுத்துங்கள். அது இருண்ட பகுதிகளுக்குக் கூடுதல் பிட்களை ஒதுக்கும். மற்றபடி வண்டி வேடிக்கைக்குப் பிட்ரேட்தான் மருந்து. மாரியம்மன் பண்டிகைக்குக் குகையில் நகரத்தின் இணைய இணைப்பு கிடைக்கிறதே, மலையைப் போலச் சிக்கனம் பார்க்க வேண்டியதில்லை.

ஏற்காடு எஸ்டேட்

நாய்ஸ் வாதத்துக்குத் திரும்புகிறேன். எங்கள் வீட்டில் பழைய 8 மில்லிமீட்டர் பிலிம் சுருள்கள் சில உண்டு. காபி எஸ்டேட்டில் எடுக்கப்பட்டவை. அவற்றை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். பிலிமின் துகள்தான் அந்தப் படத்தின் உயிர், எச்.264இல் சுருக்கினால் துகள் கரைந்து முகங்கள் மெழுகுபோல் ஆகின்றன. இதற்கு ஏவி1இன் துகள் உருவாக்கும் கருவி நல்லது என்கிறார்களே?

குறியாக்கப் பித்தன்

1935இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊரில் பிலிம் துகளைப் பற்றிக் கேட்கிறீர்கள், மகிழ்ச்சி.

ஏவி1 செய்வது இதுதான். என்கோடர் முதலில் துகளை நீக்கிய படத்தைச் சுருக்குகிறது. நீக்கிய துகளின் தன்மையை, அதாவது எந்த ஒளிர்வில் எவ்வளவு வலிமை, அண்டைப் பிக்சல்களோடு எவ்வளவு தொடர்பு என்பவற்றை, சில எண்களாக அனுப்புகிறது. டிகோடர் அந்த எண்களிலிருந்து ஒரு துகள் வார்ப்புருவை உருவாக்கி, அதிலிருந்து 32×32 அளவுத் துண்டுகளைத் தாறுமாறாக எடுத்துப் படத்தின்மேல் சேர்க்கிறது. நாம் வாதிட்ட முரண்பாட்டுக்கும் இது ஒரு தீர்வுதான்: சுருக்கும்போது நாய்ஸ் இல்லை, பார்க்கும்போது இருக்கிறது, பட்டையும் மறைகிறது.

ஆனால் பார்ப்பவர் காணும் துகள் உங்கள் தாத்தாவின் பிலிமில் இருந்த துகள் அன்று. அதன் சாயலில் உருவாக்கியது. உறவினர்களுக்கு அனுப்ப இது போதும். காப்பகப் பிரதியை எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாக் கோடெக்கில் வையுங்கள். அதன் வரையறை 2021இல் ஆர்எஃப்சி 9043 என்ற பொது இணைய ஆவணமாக வெளியாகியிருப்பதால் நாளை திறக்க முடியாமல் போகும் என்ற அச்சம் குறைவு.

அம்மாபேட்டை ஒளிப்பதிவாளர்

அப்படியானால் ஏவி1 பாதி பிட்ரேட்டில் அதே தரம் தரும் என்பது உண்மைதானே?

சிக்னல் வாத்தியார்

"பாதி" என்ற சொல் எந்த அளவீட்டிலிருந்து வந்தது என்று கேட்காமல் அதை ஏற்காதீர்கள். கோடெக்குகளை ஒப்பிட பியொன்டெகோர் என்பவர் 2001இல் முன்வைத்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு கோடெக்கிலும் நான்கு தரநிலைகளில் (எச்இவிசி உருவான காலத்தில் கியூபி 22, 27, 32, 37) என்கோடு செய்து, பிட்ரேட்டுக்கும் தரத்துக்கும் வளைகோடு வரைந்து, இரண்டு வளைகோடுகளுக்கும் இடைப்பட்ட சராசரி இடைவெளியைச் சதவீதமாகச் சொல்வார்கள். அந்தச் சராசரியில் உங்கள் பனி இல்லை. எச்இவிசிக்கு மனிதக் கண்களை வைத்துச் செய்த சோதனையில், எச்.264ஐவிடச் சேமிப்பு 480 வரியில் 52 சதவீதம், 720இல் 56, 1080இல் 62, 4கே படத்தில் 64 என்று வந்தது. படம் பெரிதாக ஆக ஆதாயம் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். எச்இவிசி 64×64 வரை பெரிய பிளாக்குகளை எடுத்துக்கொள்வது அதற்கு ஒரு காரணம். மேலும் அவை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் ஓடிய ஆய்வு என்கோடர்கள். நேரலையில் ஒரு ஃபிரேமுக்கு 20 அல்லது 40 மில்லிவினாடிதான் உண்டு. புதிய கோடெக்கின் மிக வேகமான அமைப்பு, பழைய கோடெக்கின் நிதானமான அமைப்பிடம் தோற்கவும் கூடும்.

தர அளவீட்டையும் நம்பிவிடாதீர்கள். 2016இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட விமாஃப் அளவீடு பொதுவாகக் கண்ணோடு ஒத்துப்போகும்; ஆனால் பட்டை விழுவதை அது சரியாகப் பிடிப்பதில்லை. அதனால்தான் அதே நிறுவனம் 2021இல் பட்டைக்கென்றே கேம்பி என்ற தனி அளவீட்டைக் கொண்டுவந்தது. ஏற்காட்டுப் பனிக்கு விமாஃப் 100க்கு 95 கொடுத்தாலும் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள்.

குறியாக்கப் பித்தன்

என்கோடரிடம் தரத்தைக் குறிக்கும் சிஆர்எஃப் எண்களை வைத்து ஒப்பிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. எக்ஸ்264இல் இயல்பு 23, எச்இவிசி என்கோடரான எக்ஸ்265இல் 28, ஏவி1 என்கோடரான எஸ்விடி-ஏவி1இல் 35. இவை வெவ்வேறு அளவுகோல்கள். ஒரே எண்ணை மூன்றிலும் போட்டுவிட்டு "இது கோப்பைச் சிறிதாக்கியது" என்று எழுதும் பதிவுகளைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டேன்.

நேரலையில் ஏவி1 அனுப்புவது இயலாததன்று. ஓபிஎஸ் 29.1 பதிப்பிலிருந்து, 2023 முதல், யூடியூபுக்கு அனுப்பலாம். ஆனால் ஏவி1 என்கோடர் உள்ள கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். என்விடியாவின் 40 வரிசையும் இன்டெலின் ஆர்க் வரிசையும் 2022இல் அதைக் கொண்டுவந்தன. பழைய மடிக்கணினியின் செயலி அதைத் தாங்காது. நீங்கள் எதை அனுப்பினாலும் அந்தத் தளம் மறுபடியும் என்கோடு செய்தே பார்ப்பவருக்குத் தரும் என்பதால், நீங்கள் அனுப்பும் படத்தில் விழுந்த சதுரங்களை இரண்டாம் என்கோடர் நுணுக்கமான விவரம் என்று எண்ணிப் பாதுகாக்கப் பார்க்கும். சுத்தமாக அனுப்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அம்மாபேட்டை ஒளிப்பதிவாளர்

மூலக் கோப்பிலிருந்து பனி இறங்கிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதே மடிக்கணினியில் 720 வரி, 25 ஃபிரேம், வெரிஃபாஸ்ட், 3,000 கிலோபிட் என்று வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஃபிரேம் எதுவும் விடுபடவில்லை. சதுரங்கள் முற்றிலும் போய்விட்டன. மரங்கள் பாதி தெரியும்வரை பனி நன்றாக இருக்கிறது. மரங்கள் முழுவதும் மறைந்தபின் மேல்பகுதியில் பட்டை இலேசாகத் தெரிகிறது. இரண்டு வினாடிக்கு ஒருமுறை வரும் குலுக்கலும் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அது ஏன்?

சிக்னல் வாத்தியார்

அது கீஃபிரேமின் துடிப்பு. கீஃபிரேம் முந்தைய ஃபிரேம்களைப் பார்க்காமல் தன்னைத்தானே புதிதாக எழுதிக்கொள்வதால், பட்டைகளின் எல்லைகள் சற்றே இடம் மாறி விழுகின்றன. தளங்கள் 2 வினாடி இடைவெளியை எதிர்பார்ப்பதால் அதை நீட்ட இயலாது. செய்யக்கூடியது, பஃபர் அளவைக் கூட்டுவது. பஃபர் என்பது மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி போன்றது: குழாயில் வருவது சீராக இருந்தாலும், தொட்டி பெரிதானால் கீஃபிரேம் என்னும் ஒரு கணத்தில் நிறைய எடுத்துக்கொள்ளலாம். பஃபரை ஒரு வினாடிக்குரிய 3,000 கிலோபிட்டிலிருந்து 6,000 ஆக்குங்கள். பார்ப்பவருக்குக் கூடுதலாக ஒரு வினாடி தாமதம் வரும். வரவேற்பு நிகழ்ச்சிக்கு அது பொருட்டன்று. முன்னோக்குப் பகுப்பாய்வில் 20 ஃபிரேம் வரை கொடுக்க மடிக்கணினி இடந்தந்தால் அதையும் கொடுங்கள். வருங்கால ஃபிரேம்கள் எந்தப் பிளாக்கை நம்பியிருக்கப் போகின்றன என்று பார்த்து அந்தப் பிளாக்குக்கு முன்கூட்டியே பிட் ஒதுக்கும் முறை அப்போது நன்றாக வேலை செய்யும். அசையாத மேடைக்கு அது பெரும் ஆதாயம்.

குறியாக்கப் பித்தன்

மீதமுள்ள பட்டைக்கு, ஓபிஎஸ்ஸில் மிக மெல்லிய செயற்கைத் துகளை மேலே சேர்க்கலாம் என்று சொல்ல வந்தேன். 3,000 கிலோபிட்டில் அது பிட்களைத் தின்னும் என்று எஸ்டேட் நண்பர் உடனே எழுதுவார், அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். எனவே விட்டுவிடுகிறேன்.

பென்டிரைவ் கேள்வி பதிலில்லாமல் நிற்கிறது. ஃபேட்32இன் எல்லை 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. மூன்று மணி நேரத்துக்கு அது வினாடிக்கு ஏறத்தாழ 3.18 மெகாபிட், ஒலிக்கு 128 கிலோபிட்டும் கோப்பின் கட்டமைப்புக்குச் சிறிதும் போக, படத்துக்கு 3 மெகாபிட் எஞ்சும். இங்கே அவசரமில்லை என்பதால், இருமுறை ஓட்டும் முறையில், எக்ஸ்265இன் ஸ்லோ பிரீசெட்டில், 10 பிட்டில், கீஃபிரேம் இடைவெளியைப் 10 வினாடி வரை நீட்டி இரவில் ஓடவிடுங்கள். 1080 வரியிலேயே நன்றாக வரும். முதல் ஓட்டத்தில் எங்கே கடினம், எங்கே எளிது என்று பார்த்துக்கொண்டு, இரண்டாம் ஓட்டத்தில் மொத்த பிட்களையும் மூன்று மணி நேரத்துக்குப் பங்கிடும்; தாலி கட்டும் நேரத்தின் அட்சதைமழைக்கு வேண்டியதை, வரிசையில் நின்று பரிசு கொடுக்கும் பகுதியிலிருந்து எடுத்துக் கொடுக்கும்.

அம்மாபேட்டை ஒளிப்பதிவாளர்

அப்படியே செய்து பார்த்தேன். புதிய தொலைக்காட்சிகளில் ஓடுகிறது. வாடிக்கையாளர் வீட்டுப் பழைய தொலைக்காட்சி எச்இவிசியை ஏற்கவில்லை. அவர்களுக்கு மட்டும் எச்.264இல், முகூர்த்தம் ஒரு கோப்பு, வரவேற்பு ஒரு கோப்பு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 5 மெகாபிட் வைத்துக் கொடுத்துவிட்டேன். நேரலைக்குப் பஃபர் 6,000, பார்வை ஃபிரேம் 3, முன்னோக்கு 20 என்று ஒரு புரொஃபைலாகச் சேமித்திருக்கிறேன். மேடைக்குக் கூடுதலாக இரண்டு விளக்குகளும் சொல்லியாகிவிட்டது. அவற்றின் வாடகையை ரசீதில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதுதான் இப்போதைய குழப்பம்.